கூனல் பாலையும் இருபத்திரண்டு பொட்டும்

ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பர் முதல் தேதி காலையில் புதுச்சேரியில் கொடி மாறியது. சிவப்பிரகாசத்தின் தோள்பட்டை மாறுவதற்கு மேற்கொண்டு ஒரு வாரம் ஆயிற்று.

அது பட்டுத்துணியில் தைத்த பட்டை. நீலம், வெள்ளை, சிவப்பு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்தில் விழா எது நடந்தாலும் வரவேற்புரை படிக்க எழுந்திருப்பவர் அவர்தான். பட்டையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே தைத்துக் குறுக்கே போட்டுக்கொண்டார். கேட்பதற்கும் யாரும் இல்லை. இப்போது நல்ல பட்டுத்துணியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு மேலே வந்தது. ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் போட்டதில் சிவப்பு வெளுத்துக் காவியானது. கீழே வந்த நீலத்தை மட்டும் அவர் மனைவி முத்துலட்சுமி மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தாள், பச்சையாகிவிட்டது. நடுவில் இருந்த வெள்ளைக்கு எந்த அரசாங்கத்தோடும் தகராறு கிடையாது. இப்படியாக முசியே சிவப்பிரகாசம், ஸ்ரீமான் சிவப்பிரகாசம் ஆனார்.

பட்டை தயாராகி ஒன்றரை வருஷமாகியும் அதைப் போட்டுக்கொள்ள ஒரு பெரிய விழா வரவில்லை. ஐம்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் டவுனிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஜூலையில் வனமகோத்சவம், ஒரு பெரிய அதிகாரி பாகூர்ப் பக்கம் வந்து மரக்கன்று நடுவார், ஊர்ப் பெரியவர்கள் ஒத்துழைக்க வேண்டும். சிவப்பிரகாசம் அன்று மாலையே வரவேற்புக் கமிட்டி ஒன்றை ஏற்படுத்திவிட்டார். அதில் ஒரு தலைவர், நாலு துணைத்தலைவர், ஆறு காரியதரிசி. வெறும் உறுப்பினர் என்று ஒருத்தரும் இல்லை.

கமிட்டிக்கு வந்த முதல் சிக்கல், கன்றை எங்கே நடுவது என்பது. ஜீப் வந்து நிற்கிற மாதிரி சாலையோரமாக இருக்க வேண்டும். பந்தல் போட வேண்டும். போட்டோ எடுக்க மேடாக இருந்தால் நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரே இடம்தான் இருந்தது. பாகூர்ச் சாலையிலிருந்து மணப்பட்டுக்குப் பிரியும் இடத்தில், செம்மண் மேட்டில், அய்யனார் காடு.

ஆனால் அங்கே ஏற்கெனவே மரங்கள் இருந்தன.

பாலை, வீரை, காசான், இலுப்பை என்று நெருக்கியடித்து நிற்கும் காடு அது. நடுவில் சின்னக் குளம், குளக்கரையில் அய்யனார், அவரைச் சுற்றி மண்குதிரைகள். உள்ளே செருப்போடு போகக் கூடாது. இரும்பு போகக் கூடாது. விழுந்து கிடக்கிற சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆடி மாதப் பொங்கலுக்கு அங்கேயே அடுப்பு மூட்டி அங்கேயே எரித்துவிட வேண்டும். உழவர் தெருவும் மணப்பட்டுக் குப்பமும் மற்ற எல்லாவற்றிலும் சண்டை போட்டுக்கொண்டு இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருந்தன.

"மரம் நடற விழாவுக்கு மரத்த வெட்டணுமாங்கய்யா?" என்று கேட்டார் மேஸ்திரி குழந்தைவேல். பந்தல், குழி, தோரணம் எல்லாம் அவர் பொறுப்பு.

"வெட்டாம எங்கய்யா நடறது? எடம் வேணாமா?"

"ரோட்டுக்கு அந்தாண்ட அய்யா நெலம் காலியாத்தான கெடக்குது?"

"அது கரும்புக்கு வெச்சிருக்கறது," என்றார் சிவப்பிரகாசம். "காடுன்னா காட்டுத்தனமா இருக்கக் கூடாது மேஸ்திரி. வரிசையா இருக்கணும். முன்பக்கத்து மரம் இருபத்திரண்டு போனா போதும். அடையாளம் போட்டுடு. வெள்ளிக்கிழம காலையில ஆள் வந்து வெட்டுவாங்க. சனிக்கிழம விழா."

குழந்தைவேல் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் தென்னம்பாளை மட்டையை நசுக்கிச் செய்த ஒரு பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலை காட்டுக்குப் போனார். செருப்பை வெளியே விட்டார். டப்பா தகரம் என்பதால் அதையும் வெளியே வைத்துவிட்டு, பெயிண்டைக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக்கொண்டார். ஒவ்வொரு மரத்தின் முன்னும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நான் இல்ல சாமி, கமிட்டி" என்று சொல்லி, ஆள் முகம் இருக்கும் உயரத்தில் உருண்டையாக ஒரு பொட்டு வைத்தார்.

அந்தப் பொட்டுகளை முதலில் பார்த்தவள் காசம்மாள். மணப்பட்டிலிருந்து மீன்கூடையோடு பாகூருக்கு நடப்பவள் அவள். மேஸ்திரியிடம் விவரம் கேட்டாள். மீனை விற்று முடித்துத் திரும்பியதும், வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த புருஷன் சிங்காரவேலுவிடம் போகிற போக்கில் சொன்னாள்.

"அய்யனாரு காட்டுல முன்பக்கத்து மரத்தயெல்லாம் வெட்டப் போறாங்களாம்யா. அந்தக் கூனல் பாலையுங்கூட."

சிங்காரவேலுவின் கையிலிருந்த வலை மணலில் விழுந்தது.

அவனுக்கு அந்த மரம் வெறும் மரமில்லை. கரையிலிருந்து கட்டுமரத்தில் ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டால் கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு உண்டு. சங்கரா மீனும் களவா மீனும் அங்கே குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. தண்ணீருக்கு மேலே ஒரு குறியும் கிடையாது. கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மணப்பட்டுக் கரையிலுள்ள ஒற்றைப் பனைக்குச் சரியாகப் பின்னால், மேட்டுக் காட்டின் கூனல் பாலை வந்து நிற்க வேண்டும். அதோடு தெற்கே இன்னோர் அடையாளமும் நேராக வர வேண்டும். அந்த இரண்டாவது அடையாளத்தைச் சிங்காரவேலு யாரிடமும் சொன்னதில்லை. ஆகையால் இந்தக் கதையிலும் அது இல்லை. இரண்டும் கூடுகிற இடத்தில் தூண்டிலை விட்டால் வீட்டில் அடுப்பு எரியும். அவன் அப்பா பச்சையப்பன் சாகும் முன் காதோடு காதாகச் சொல்லி, கடலம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்த சொத்து அது. பாலை விழுந்தால் திட்டு இருக்கும், மீனும் இருக்கும். சிங்காரவேலு மட்டும் கடல் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பான்.

இதைப் போய்க் கமிட்டியில் சொல்லலாம். சொன்னால் பாலை பிழைக்கும். மறுநாள் காலை குப்பத்துக் கட்டுமரம் அத்தனையும் அந்தத் திட்டின் மேல் நிற்கும்.

வியாழக்கிழமை காலை அவன் சிவப்பிரகாசத்தின் வீட்டு வாசலுக்குப் போனபோது, குப்பத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். அவன் தங்கை கஸ்தூரியின் புருஷன் சின்னதம்பியும் இருந்தான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னாப்பா, எல்லாரும் ஒண்ணா?" என்றார் சிவப்பிரகாசம்.

"ஒண்ணா வரலீங்கய்யா, தனித்தனியாத்தான் வந்தம்," என்றான் ஒருத்தன் அவசரமாக.

"சரி, இன்னா வேணும்?"

சிங்காரவேலு தொண்டையைக் கனைத்தான். "அந்தக் கூனல் பாலைய மட்டும் வுட்டுடுங்கய்யா."

"ஏன்?"

"அதும் கீழ... காத்து நல்லா வரும்."

"நீ நாள் முழுக்கக் கடல்ல இருக்கறவன். உனக்குக் காத்துக்கு இன்னாப்பா பஞ்சம்?"

அடுத்தவன் முன்னால் வந்தான். அவனுக்கு ஓரத்து வீரை மரம் வேண்டும். அதைப் பார்த்தால்தான் அவன் பெண்டாட்டிக்குத் தலைவலி நிற்கிறதாம். இன்னொருத்தனுக்கு இரட்டை இலுப்பை வேண்டும். அதில் இருக்கும் கிளி அவனுக்குத் தெரிந்த கிளியாம். சின்னதம்பி எந்த மரம் என்று சொல்லாமலே, "பொதுவா மரம்னா எனக்கு ரொம்ப இஷ்டங்கய்யா" என்றான்.

சிவப்பிரகாசம் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். காடு முழுவதும் வேண்டும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு மரம் கேட்டான். காரணம் மட்டும் எவனிடமும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்த துணைத்தலைவர்களின் பக்கம் குனிந்து, "இது கட்சி வேல" என்றார். பிறகு நிமிர்ந்து, "தேசம் வனத்த வளக்கச் சொல்லுது. அதுக்குக் குறுக்க நிக்காதீங்க. நாளைக்குக் காலையில வெட்டு" என்று கூட்டத்தை முடித்தார்.

சிங்காரவேலு வீட்டுக்கு வந்து கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான். காசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். திட்டைப் பற்றி அவன் அவளிடமும் சொன்னதில்லை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரியாததுபோல் இருக்கவும் அவளுக்குத் தெரியும்.

"காத்து வருதுன்னு சொன்னியாமே?" என்றாள்.

"போடி."

"அதுக்கு இந்த மேரியா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு படுக்கறதா? எந்திரி. மேஸ்திரி பாதி வேலய செஞ்சிட்டுதான் போயிருக்காரு."

"இன்னா பாதி?"

"பொட்டு வெச்சிட்டாரு இல்ல? மீதி நாம செஞ்சா போச்சி. ஒரு மஞ்சத்துணி, ரெண்டு மொழம் பூவு, ஒரு கட்டி கற்பூரம். பெயிண்டு அடிச்ச மரத்த வெட்டுவான்யா. மஞ்ச கட்டுன சாமிய எவன் வெட்டுவான்?"

சிங்காரவேலு எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னா பாக்கற? சாமியே இல்லாத எடத்துலயா கட்டச் சொல்றன்? காடே அவுரு காடு. எந்த மரத்துல இருந்தா அவுருக்கு இன்னா?"

வெயில் சாய்கிற நேரத்தில் அவன் மஞ்சள் துணியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தெருவழியே போகாமல் சவுக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டுக்குள் நுழைந்தான். கூனல் பாலையின் முன் போய் நின்றவனுக்கு வாய் பிளந்தது.

மரத்தில் ஏற்கெனவே மஞ்சள் துணி கட்டியிருந்தது. பொட்டைச் சுற்றி மஞ்சள் பூசியிருந்தது. துணியின் முடிச்சு, தூண்டில் முள்ளைக் கயிற்றில் கட்டுகிற முடிச்சு. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"யாருடா அது?"

சின்னதம்பி வெளியே வந்தான். "வா மச்சான். சாமி கும்பிட வந்தன்."

"இன்னிக்கு இன்னா விசேஷம்?"

"கனவுல அய்யனாரு வந்தாரு மச்சான். கூனல் பாலையிலதான் குந்தியிருக்கறன்னாரு."

"எனக்கும் வந்தாரு."

"இதே மரமா?"

"இதே மரந்தான்."

இருவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்தார்கள். அவன் வலையில் இவன் கையையும், இவன் வலையில் அவன் கையையும் கண்டதுபோல் இருந்தது. அதற்கு மேல் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் இருவரும் கேட்கவில்லை. சிங்காரவேலு தன் துணியை மச்சான் துணிக்கு மேலே கட்டினான். அப்போதுதான் காடு முழுக்கச் சலசலப்புக் கேட்டது. வீரைக்குப் பின்னால் ஒருத்தன், இரட்டை இலுப்பைக்குப் பின்னால் ஒருத்தன். தலைவலிக்காரன் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு மரம், ஆளுக்கு ஒரு கனவு. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். அத்தனை பேர் கனவுக்கும் ஒரே ராத்திரியில் போய் வந்த அய்யனாரின் சுறுசுறுப்பை யாரும் சந்தேகிக்கவில்லை.

சொந்தக்காரன் இல்லாமல் ஏழெட்டு மரங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றுக்குக் காசம்மாள் விடியற்காலையில் உழவர் தெருப் பெண்களோடு வந்து கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மரம் வெட்ட ஆறு பேர் காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்தார்கள். உள்ளூரில் யாரும் கோடாலி தூக்கமாட்டார்கள் என்று சிவப்பிரகாசத்துக்கே தெரிந்திருந்ததால் தூரத்தில் சொல்லி வைத்திருந்தார். அவர்களின் தலைவன் சம்மந்தம் காட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். கோடாலியைக் கீழே வைத்தான்.

"மேஸ்திரி, எந்த மரத்த வெட்டணும்?"

"பொட்டு இருக்கறது."

"பொட்டு இருக்கறதெல்லாம் சாமியாச்சேய்யா!"

"அட, அது நான் வெச்ச பெயிண்டுபா."

"மஞ்ச யாரு பூசனது?"

"தெரியலியே."

"துணி? கற்பூரம்? தோ, அங்க ஒரு பொம்பளக்கி மருள் வந்து ஆடுது. அதுவும் நீ வெச்சதா?"

குழந்தைவேல் திரும்பிப் பார்த்தார். மஞ்சளுக்கு நடுவில், கற்பூரப் புகைக்குப் பின்னால், தான் வைத்த பொட்டு அவரையே உற்றுப் பார்த்தது. நாற்பது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிற மனிதர். அவருக்கே தன் கை மேல் நம்பிக்கை போயிற்று. வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சம்மந்தமும் ஆட்களும் அவர் பின்னால் வரிசையாக விழுந்தார்கள். காட்டில் வரிசை வேண்டும் என்ற சிவப்பிரகாசத்தின் ஆசை அந்த மட்டில் நிறைவேறியது.

செய்தி கேட்டுச் சிவப்பிரகாசம் ஓடிவந்தார். "அழிங்கடா அத! யாரு கட்டினது?" என்று கத்திக்கொண்டே முதல் மரத்துத் துணியில் கை வைத்தார்.

"கைய எடுங்க," என்று ஒரு குரல் கேட்டது.

முத்துலட்சுமி. இரட்டை இலுப்பையின் கிளையில் ஒரு குட்டித் தொட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தாள். "கடலூர்ல நம்ம பொண்ணு மூணு வருஷமா குழந்த இல்லாம கெடக்குது. அந்தக் காசம்மா வந்து சொன்னா. வேண்டிக்கினு கட்டறன். அதுல ஏதாவது கோடாலி பட்டுது, அப்பறம் நீங்க எந்தக் கலர்ல பட்டை போட்டுக்கினாலும் எனக்குக் கவல இல்ல. மஞ்சளும் நான் கரைக்கமாட்டன்."

சிவப்பிரகாசம் கையை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. பந்தல் போட இடமில்லாமல் சாலையிலேயே நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். என்ன நடக்கப்போகிறதோ என்று நினைத்துச் சிவப்பிரகாசத்துக்கு வியர்த்தது. பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வரவேற்புரையை எடுத்தார். பதினொரு பக்கம்.

அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார். மஞ்சள் கட்டிய இருபத்திரண்டு மரங்களையும், பூவையும், பொங்கல் பானைகளையும், குலவையிடும் பெண்களையும் பார்த்து அப்படியே நின்றார். பிறகு வெளியே வந்து சிவப்பிரகாசத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மிஸ்டர் சிவப்பிரகாசம், பதினெட்டு இடத்துல கன்று நட்டுட்டு வர்றேன். எல்லா இடத்துலயும் குச்சிய நட்டு வெச்சுப் போட்டோ எடுக்கறாங்க. இருக்கற மரத்துக்கு விழா எடுத்த ஊர் இது ஒண்ணுதான். இது உங்க ஐடியாவா?"

சிவப்பிரகாசம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. குழந்தைவேல் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

"கமிட்டியோட... முயற்சிங்க," என்றார் சிவப்பிரகாசம்.

"ஒரு மரமும் தொடக் கூடாது. நான் எழுதிக் கொடுக்கறேன். சரி, கொண்டுவந்த கன்ற எங்க நடலாம்? உள்ளே ஒரு அடி இடம் இல்லையே."

"அதுக்கு அய்யா எடம் ஒதுக்கி வெச்சிருக்காருங்க," என்று காசம்மாள் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். "தோ, ரோட்டுக்கு அந்தாண்ட. காலியா இருக்குது பாருங்க. அய்யாவோட நெலந்தான்."

"அடடா! சொந்த நிலமா?" அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. கூட்டம் கைதட்டியது. நாலு துணைத்தலைவர்களும் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். கரும்பு என்ற சொல் சிவப்பிரகாசத்தின் தொண்டை வரை வந்து, கைதட்டல் ஓயாததால் திரும்பிப் போயிற்று.

கொண்டுவந்த ஐம்பது கன்றுகளையும் அங்கே நட்டார்கள். கடைசிக் கன்றுக்கு மண் தள்ளும்போது, கடலிலிருந்து ஏறி வந்த மேகம் கொட்டியது. ஜூலை மழை, எதிர்பாராத மழை. எல்லோரும் காட்டு மரங்களின் கீழே ஒதுங்கினார்கள். அதிகாரியும் சம்மந்தமும் முத்துலட்சுமியும் ஒரே இலுப்பையின் கீழே நின்றார்கள்.

வரவேற்புரையைக் காப்பாற்றப் போன சிவப்பிரகாசம் மட்டும் நனைந்துவிட்டார். அவர் வந்து மரத்தடியில் நின்றபோது பட்டையிலிருந்த மஞ்சள் கரைந்து வெள்ளை ஜிப்பாவில் ஒழுகிக்கொண்டிருந்தது. பச்சை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கீழே பழைய நீலம் எட்டிப் பார்த்தது. முசியே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

அதிகாரி அதைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"எம்மாம் மழ பேஞ்சுது! சாமி பொட்டு ஒண்ணாவது அழிஞ்சுதா பாரேன்," என்றாள் உழவர் தெருப் பெண் ஒருத்தி.

"அய்யாவுதுதான் அழிஞ்சிபோச்சி," என்றாள் காசம்மாள். "பரவால்லீங்கய்யா. மஞ்சத் தண்ணி ஊத்துனா நல்லதுதான். நீங்களும் நம்ம காட்டுல ஒரு மரம் மேரிதான இப்ப?"

முதலில் சிரித்தவள் முத்துலட்சுமி. பிறகு காடே சிரித்தது. தன் ஜிப்பாவை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சிவப்பிரகாசமும், வேறு வழியில்லாமல் தொடங்கி, உண்மையாகவே சிரித்துவிட்டார். பதினொரு பக்கமும் கூழாகிவிட்டதால் அன்று வரவேற்புரை நடக்கவில்லை. அந்த விழாவைப் போல ஒரு நல்ல விழாவைப் பார்த்ததில்லை என்று சுற்றுவட்டாரத்தில் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

திங்கட்கிழமை காலை கடல் அமைதியாக இருந்தது. சிங்காரவேலு தன் திட்டை நோக்கித் துடுப்புப் போட்டான். தூரத்தில் ஒற்றைப் பனை தெரிந்தது. அதன் பின்னால் பாலையின் கூன்முதுகு மெல்ல மெல்ல நகர்ந்து வந்து நேராக நின்றது. தெற்கே திரும்பி மற்ற அடையாளத்தைத் தேடினான். அதற்கும் இவனுக்கும் நடுவில் ஒரு கட்டுமரம் நின்றுகொண்டிருந்தது. அதில் சின்னதம்பி.

"இது என் எடம்டா!" என்று கத்தினான் சிங்காரவேலு.

"உன் எடமா? யாரு எழுதிக் குடுத்தா? நான் பன்னண்டு வருஷமா திங்க, வியாழன் வர்றன் மச்சான்."

"நான் செவ்வா, வெள்ளி வருவன். இன்னிக்குத்தான் மரத்தப் பாக்காம மனசு கேக்கல... டேய், உனக்கு யாருடா சொன்னது?"

"உங்க அப்பாதான். கஸ்தூரிய எனக்குக் கட்டிக் குடுத்த அன்னிக்குச் சொன்னாரு. சீருன்னு வெச்சிக்கடா மாப்ள, எம் புள்ளகிட்டகூடச் சொல்லாதன்னு கடலம்மா மேல சத்தியம் வாங்கினாரு."

சிங்காரவேலு துடுப்பை மடியில் வைத்தான். பச்சையப்பன் ஒரே சொத்தை மகனுக்கும் கொடுத்து, மருமகனுக்கும் கொடுத்து, இரண்டு பேர் வாயையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகச் சில நாள் மீன் குறைவதற்கு இவன் நிலாவைக் காரணம் சொன்னான். அவன் நீரோட்டத்தைச் சொன்னான்.

"மத்தவனுங்க?" என்றான் சிங்காரவேலு. "தலைவலிக்காரன், கிளிக்காரன்..."

"அவனுங்க அப்பனுங்களும் அவனுங்ககிட்ட ஆளுக்கொரு மரத்தச் சொல்லியிருப்பானுங்க. மருமவனுங்ககிட்டயும் சொல்லியிருப்பானுங்க. வுடு மச்சான். தூண்டில போடு. உங்கப்பன் சொத்துல எனக்குக் கொஞ்சம், உனக்குக் கொஞ்சம்."

சின்னதம்பியின் தூண்டில் சுண்டியது. அதே நேரத்தில் சிங்காரவேலுவினுடையதும் சுண்டியது. இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டுமரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

வரும் ஆடியில் கூனல் பாலைக்கு ஒரு மண்குதிரை வைப்பது என்றும், அதைப் பச்சையப்பன் பேரில் வைப்பது என்றும் அங்கேயே முடிவாயிற்று. குதிரை எதற்கு என்று யாராவது கேட்டால், காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.